மனுவில் இல்லாத மஞ்சள்

கூட்டுறவு கடன் சங்கத்தின் செயலாளர் துப்பறிவாளருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். கூட வந்த ஸ்பானரைப் பார்த்து, "நீங்க அப்படியே அந்தப் பெட்டி மேல உட்காந்துக்கலாமே" என்று மூலையைக் காட்டினார்.

ஸ்பானர் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். மூடி சரியாகப் பொருந்தாத இரும்புப் பெட்டி. உள்ளே பழைய மனுக்கள்.

"பரவாயில்லை சார். எத்தனையோ பேரோட ஆசை மேல உட்கார்ந்திருக்கேன். கொஞ்சம் குத்துது, அவ்வளவுதான்."

செயலாளர் வாய்விட்டுச் சிரித்தார். துப்பறிவாளர் சிரிக்கவில்லை.

ஸ்பானர் இருபத்திரண்டு வருஷம் பைக் ஒர்க்ஷாப் நடத்தி, அதை இழுத்து மூடியவர். அதனால் வந்த பட்டப்பெயர்தான் ஸ்பானர். மூடிய மறுநாளே அவருடைய தங்கை தன் கணவரிடம், "எங்க அண்ணனை உங்க கூட வெச்சுக்கங்க" என்று சொன்னாள். அந்தக் கணவர்தான் துப்பறிவாளர். அன்றிலிருந்து மூன்று வருஷமாக, தன்னைவிட ஆறு வயது இளைய மாப்பிள்ளைக்கு ஸ்பானர் உதவியாளர். வாசல் போர்டில் ஒரே ஒரு பெயர். வழக்கு முடிந்தால் கை குலுக்கல் மாப்பிள்ளைக்கு, பஸ் டிக்கெட்டைப் பத்திரப்படுத்துவது இவருக்கு. எரிச்சல் வரும்போதெல்லாம் ஸ்பானர் ஒரு ஜோக் அடிப்பார். அவர் நாள் முழுக்க ஜோக் அடித்துக்கொண்டிருந்ததற்கு அதுதான் காரணம் என்பது யாருக்கும் தெரியாது.

"விஷயத்துக்கு வருவோம்" என்றார் துப்பறிவாளர்.

செயலாளர் மூன்று அரைத்தாள்களை மேஜையில் பரப்பினார். மூன்றும் மொட்டைக் கடிதங்கள். இடது கையால் எழுதியதுபோல எழுத்துகள் கோணல்மாணலாகச் சாய்ந்திருந்தன.

"இது பேங்க் இல்லை சார். பேங்க்ல உங்க கணக்கைப் பார்ப்பாங்க. இங்க உங்களைப் பார்ப்போம். நீங்க உறுப்பினரா இருக்கணும், ரெண்டு உறுப்பினர் உங்களுக்கு ஜாமீன் போடணும். கமிட்டியில அஞ்சு பேர் உட்கார்ந்து, 'ஆமா, இவங்களைத் தெரியும், கொடுக்கலாம்'னு சொல்லணும். நம்பிக்கைதான் முதல். அதனாலதான் ஒரு மொட்டைக் கடிதாசி வந்தாக்கூட கமிட்டி பயந்துடுது. மூணு பேரோட கடன் அப்படியே நிக்குது."

துப்பறிவாளர் முதல் கடிதத்தைச் சத்தமாகப் படித்தார். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் டீச்சரம்மாவைப் பற்றியது.

"'மனுதாரர் நல்லவர்தான். ஆனால் மஞ்சள் கார் வாங்கி ஊரெல்லாம் சுற்றிக் காட்டுவதற்காகத்தான் கடன் கேட்கிறார்.'"

இரண்டாவது ரொட்டிக்கடைக்காரரைப் பற்றி. கடைக்குக் கண்ணாடிச் சுவர் வைத்துத் தன் சொந்த அண்ணனுடைய வாடிக்கையை இழுக்கப் பார்க்கிறாராம். மூன்றாவது ஒரு நர்ஸைப் பற்றி. மேலே படித்து அதிகாரியாகி, வெள்ளை ஷூவைத் தூக்கி எறிந்துவிட்டுக் கறுப்பு ஷூ போட்டுக்கொண்டு நடக்க ஆசைப்படுகிறாராம்.

"பார்த்தீங்களா, 'கேட்கிறார்', 'பார்க்கிறார்', 'ஆசைப்படுகிறார்'" என்றார் ஸ்பானர். "திட்டும்போதுகூட மரியாதை குறையலை. எங்க அப்பா என்னைப் பாராட்டும்போதுகூட இவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை."

செயலாளர் மறுபடி சிரித்தார். துப்பறிவாளரின் பேனா காகிதத்தின் மேல் ஒரு கணம் நின்றது.

"இந்தக் கடன் கிடைக்கலைன்னா யாருக்கு லாபம்?" என்று கேட்டார்.

"எதிர்க்கடை மீட்டருக்குத்தான். தனியா வட்டிக்கு விடுறவரு. இங்க கடன் கிடைக்காம திரும்பினவங்க அங்கதான் போவாங்க."

மீட்டர் என்று ஊரே அழைத்த அந்த ஆள், கடை வாசலில் தன் ஸ்கூட்டரைத் தானே துடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நான் எதுக்குங்க கடிதாசி எழுதணும்? இவங்க ஒரு மனுவை பாஸ் பண்ண மூணு மாசம் ஆகுது. அந்த மூணு மாசம்தான் என் விளம்பரம். எனக்கு எழுத்து வேலையே பிடிக்காது. பிடிச்சிருந்தா நான் ஏன் வட்டிக்கு விடுறேன், உத்தியோகத்துக்குப் போயிருப்பேனே."

"சரியாத்தான் சொல்றார்" என்றார் ஸ்பானர், தெருவைத் தாண்டும்போது. "சோம்பேறி பொய் சொல்ல மாட்டான் மாப்ளே. அதுக்கும் உழைக்கணும்."

"நீங்க கொஞ்ச நேரம் பேசாம வாங்க மச்சான். நான் யோசிக்கிறேன்."

சங்கத்துக்குத் திரும்பி வந்து மூன்று பேருடைய மனுக்களையும் கேட்டு வாங்கினார் துப்பறிவாளர். ஒவ்வொன்றையும் இரண்டு முறை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் ஏதோ அகப்பட்டுவிட்டது என்று அர்த்தம். அந்த நேரத்தில்தான் ஸ்பானருக்கு வயிறு நிஜமாகவே எரியும். தானும் அதே காகிதத்தைத்தானே பார்த்தோம், நமக்கு ஏன் ஒன்றும் தெரியவில்லை?

"டீச்சரோட மனுவுல என்ன இருக்கு? 'பயிற்சி வாகனம் வாங்க.' அவ்வளவுதான். மஞ்சள்ங்கிற வார்த்தை எங்க இருக்கு? ரொட்டிக்கடை மனுவுல 'அடுப்பு மாற்றி கடையை விரிவாக்க'. கண்ணாடிச் சுவர் இல்லை. நர்ஸ் மனுவுல 'மேற்படிப்புக் கட்டணம்'. ஷூ இல்லை. எழுதினவருக்கு மனுவுல இருக்கிறது மட்டுமில்லை மச்சான், இல்லாததும் தெரிஞ்சிருக்கு."

ஸ்பானர் அசந்துபோனார். பாராட்டத்தான் வாயெடுத்தார். ஆனால் வெளியே வந்தது வேறு.

"பத்து நிமிஷம் முன்னாடியே கண்ணாடியைத் துடைச்சிருந்தா மீட்டர் கடைக்கு நடந்திருக்க வேண்டாம்."

டீச்சரம்மா அடுத்த தெருவில், நின்றுபோன காருக்குள் ஒரு பெரியவருக்கு கிளட்ச் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாகவே பதில் சொன்னார். "மஞ்சளா? ஆமா, மஞ்சள்தான் வேணும். மழையில தூரத்துல இருந்தே தெரியும், மத்தவங்க ஒதுங்கிப் போவாங்க. மனுவுல போடச் சொன்னேன். 'கலரெல்லாம் வேணாம்மா, கமிட்டிக்காரங்க சிரிப்பாங்க'ன்னு அந்த நோக்கம்தான் அடிச்சுட்டாரு."

நோக்கம் என்பது ஒரு ஆள். சங்கத்தின் மாடிப்படிக்குக் கீழே சின்ன மேஜை போட்டு, கடன் கேட்டு வருபவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பவர். உட்கார்ந்தவுடன் "கடனின் நோக்கம் என்ன?" என்று கேட்டுக் கேட்டு அதுவே பெயராகிவிட்டது. ரொட்டிக்கடைக்காரரும் நர்ஸும் அதையே சொன்னார்கள். மனசில் இருந்ததையெல்லாம் நோக்கத்திடம் கொட்டினோம், பாதியை அவர் அடித்துவிட்டார் என்றார்கள்.

"ஆளு தெரிஞ்சுபோச்சு" என்றார் ஸ்பானர். "பிடிச்சுடலாமா?"

"எப்படி நிரூபிப்பீங்க? 'நானும் கேட்டேன், இன்னும் பத்து பேர் கேட்டாங்க'ம்பார். பொறி வைக்கணும். என்னை மாதிரி நீங்களும் சங்கத்துல உறுப்பினர்தானே? போய் ஒரு கடன் மனு எழுதச் சொல்லுங்க. பைக் ஒர்க்ஷாப் மறுபடி திறக்கப் போறேன்னு சொல்லுங்க. கூடவே, மனுவுல எழுதவே முடியாத மாதிரி ஒரு ஆசையையும் சொல்லி வைங்க. அது மொட்டைக் கடிதாசியில வந்தா ஆளு மாட்டிக்கிட்டார்."

யோசனை நன்றாகத்தான் இருந்தது. அதைக் கெடுத்தவர் செயலாளர். அன்று மாலையே, யாரையும் கேட்காமல், அறிவிப்புப் பலகையில் ஒரு நோட்டீஸ் ஒட்டிவிட்டார்: இனி மொட்டைக் கடிதம் எழுதுகிறவர் யாராக இருந்தாலும் போலீசில் ஒப்படைக்கப்படுவார்.

மறுநாள் காலை ஸ்பானர் மாடிப்படிக்குக் கீழே போய் உட்கார்ந்தார். மேஜையின் ஒரு கால் ஆடியது. மடித்து வைத்த அட்டை அதைத் தாங்கிக்கொண்டிருந்தது. மேலே யாராவது ஏறி இறங்கினால் தலையில் தூசி விழுந்தது. நோக்கம் தூசியைப் பொருட்படுத்தாமல், காகிதத்தைச் சதுரமாக வைத்து, பேனாவைத் திறந்தார்.

"சொல்லுங்க. கடனோட நோக்கம் என்ன?"

கேட்ட விதத்தில் ஏதோ இருந்தது. வாழ்க்கையில் யாரும் ஸ்பானரிடம் அப்படிக் கேட்டதில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல, அவசரமில்லாமல், முகத்தைப் பார்த்துக் கேட்டார். ஒர்க்ஷாப் என்று சொல்ல வாயைத் திறந்த ஸ்பானர், "துப்பறியும் ஆபீஸ்" என்றார். "தனியா. என் பேர்ல."

"நல்லது. எப்படி இருக்கணும் ஆபீஸ்?"

"சின்ன இடம் போதும். ரெண்டு நாற்காலி. ரெண்டும் ஒரே உயரம்." ஸ்பானர் தன் குரலைத் தானே வியப்போடு கேட்டுக்கொண்டிருந்தார். "இப்ப இருக்கிற இடத்துல என்னுது கொஞ்சம் தாழ்வு. வர்றவங்க அவரைப் பார்த்துப் பேசுவாங்க, என்னைப் பார்த்துச் சிரிப்பாங்க. ஒரு நாளாவது யாராவது என்னைப் பார்த்துப் பேசணும்."

நோக்கம் எழுதுவதை நிறுத்தினார். பிறகு, "நாற்காலி விஷயம் மனுவுல வேணாம்" என்று மெதுவாகச் சொல்லி அந்த வரியைப் படிக்க முடியாதபடி அடித்தார். "ஜாமீன் யார் போடுறாங்க?"

"இன்னும் யாருமில்லை. அந்த இடம் காலியாவே இருக்கட்டும்."

நோக்கம் நிமிர்ந்து அவரை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் அப்போது ஸ்பானருக்குப் புரியவில்லை.

ஆபீஸுக்குத் திரும்பி, நடந்ததை மாப்பிள்ளையிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். "பொய்தானே, கொஞ்சம் பெரிய பொய்யா சொல்லிட்டேன் மாப்ளே."

"பொய்யா?" என்றார் துப்பறிவாளர்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மதியம் சாப்பிடும்போது ஸ்பானர் அதைத் தங்கையிடமும் சொன்னார். அவள் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அண்ணா, அதை நிஜமாவே போடு. உனக்கு என்ன குறைச்சல்? போன வழக்குல அந்தப் பூக்கடைக்காரம்மா உண்மையைச் சொன்னது யார்கிட்ட? உன்கிட்டதானே! உன் பேச்சு இல்லைன்னா பாதி வழக்கு நின்னுபோயிருக்கும். ஏங்க, நீங்க ஜாமீன் போட மாட்டீங்களா?"

"போட்டா போச்சு" என்றார் துப்பறிவாளர், தட்டைப் பார்த்துக்கொண்டே.

அன்று மாலை போனில் செயலாளரும் சொன்னார்: "உங்க மச்சான் மனுவைப் பார்த்தேன் சார். அதை நிஜமாவே கமிட்டியில வைக்கலாம்போல இருக்கே! எல்லாருக்கும் அவரைப் பிடிக்கும். ஒரே மூச்சுல பாஸ் ஆகும்."

நாலு நாள் ஓடியது. பொறியில் ஒன்றும் விழவில்லை. ஸ்பானர் தினமும் சங்கத்தின் தபால் பெட்டியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். துப்பறிவாளர் வர வர வாயைத் திறப்பதே இல்லை. தோற்றுப்போகும் பயம் என்று ஸ்பானர் நினைத்தார். உள்ளுக்குள் ஒரு மூலையில் அவருக்கு அது கொஞ்சம் இனித்தது என்பதையும் மறைக்க முடியாது.

ஐந்தாம் நாள் காலையில், அதே கோணல் எழுத்தில், கடிதம் வந்துவிட்டது.

பதினோரு மணிக்குச் செயலாளர் அறையில் கதவைச் சாத்தினார்கள். நோக்கம் நடுவில் நின்றார். சட்டைப் பையில் இரண்டு பேனா. துப்பறிவாளர் மேஜையின் மேல் நாலு அரைத்தாள்களையும் வரிசையாக வைத்தார். பேச்சு பழைய கம்பீரத்தோடு வந்தது.

"மஞ்சள் கார், கண்ணாடிச் சுவர், கறுப்பு ஷூ. மூணையும் மனுவுல இருந்து அடிச்சது நீங்க. மூணும் கடிதாசியில வந்திருக்கு. இப்ப நாலாவது. ஒரே உயரத்துல ரெண்டு நாற்காலி. இதையும் அடிச்சது நீங்கதான்."

நோக்கம் சுவரில் சாய்ந்துகொண்டார். மறுக்கவில்லை.

"பதினாலு வருஷமா எழுதுறேன் சார். நான் எழுதின மனு ஒண்ணுகூட திரும்பி வந்ததில்லை. கார் கேட்டவங்க கார்ல வந்து இறங்குறாங்க. கடை கேட்டவங்க கடை திறப்புக்குக் கூப்பிடுறாங்க. நான் அதே மாடிப்படிக்குக் கீழ. எனக்கும் ஒரு மனு எழுதி வெச்சிருக்கேன், தலைக்கு மேல யாரும் நடக்காத ஒரு ரூம் எடுக்கணும்னு. உறுப்பினரா சேரவே ரெண்டு பேர் கையெழுத்து வேணுமாம். அந்த ரெண்டு இடமும் காலி."

"யார்கிட்டயாவது கேட்டீங்களா?" என்றார் ஸ்பானர்.

"கேட்டதில்லை."

"ஏன்?"

"மாட்டேன்னுட்டா? மறுநாளும் அவங்களுக்கே உட்கார்ந்து மனு எழுதணுமே சார்." நோக்கம் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்த டீச்சரம்மா மஞ்சள் கார்னு சொல்லும்போது அவங்க முகத்துல ஒரு வெளிச்சம் வந்துச்சு. என்னால தாங்க முடியலை. தப்புதான். மூணு கடிதாசியும் நான்தான் எழுதினேன்."

"நாலு" என்றார் துப்பறிவாளர்.

"மூணுதான் சார். நோட்டீஸ் ஒட்டின அன்னிக்கே பயந்து நிறுத்திட்டேன். அதுவும் போக, இவர் மேல எனக்குப் பொறாமையே வரலை." ஸ்பானரைக் காட்டினார். "இவரோட ஜாமீன் இடமும் காலியா இருந்துச்சு. நம்மாளுன்னு தோணிச்சு."

செயலாளர் தலையை ஆட்டினார். "முதல் மூணைக்கூட மன்னிப்புக் கேட்டா விட்டுடலாம். நோட்டீஸ் ஒட்டினப்புறம் எழுதினதை எப்படிய்யா விடுறது? போலீசுக்குத்தான் சொல்லணும்." போனை எடுக்கக் கை நீட்டினார்.

ஸ்பானர் அந்த நாலாவது தாளைக் கையில் எடுத்தார். காலையில் ஒரு முறை படித்ததுதான். படித்ததும் நெஞ்சில் தைத்ததால் மறுபடி தொடவில்லை. இப்போது நிதானமாகப் படித்தார்.

"மனுதாரர் நல்லவர்தான். ஆனால் ஏற்கெனவே ஒரு ஒர்க்ஷாப்பை மூடியவர். கஷ்டப்பட்டுக் கண்டுபிடிப்பவர் ஒருவர், கைதட்டல் வாங்குபவர் இவர். வருகிறவர்கள் எல்லாம் இவரைத்தான் தேடுகிறார்கள். வீட்டில் தங்கைகூட இவர் பக்கம்தான் பேசுகிறாள். ஒரே உயரத்தில் இரண்டு நாற்காலி போட்டு உட்கார இவருக்கு என்ன தகுதி?"

ஸ்பானரின் விரல் ஒரு சொல்லின் மேல் போய் நின்றது.

பேசுகிறாள்.

மற்ற மூன்று தாள்களையும் பார்த்தார். கேட்கிறார். பார்க்கிறார். ஆசைப்படுகிறார். பதினாலு வருஷம் 'மனுதாரர்' என்று எழுதிப் பழகிய கை, எரிச்சலில்கூட ஒருத்தருக்கும் மரியாதை குறைக்கவில்லை. அந்தக் கை முன்பின் தெரியாத ஒருவரின் தங்கையை 'பேசுகிறாள்' என்று எழுதாது. அப்படி எழுத வேண்டுமென்றால் அவள் சொந்த வீட்டு மனுஷியாக இருக்க வேண்டும். நோக்கத்திடம் தங்கை என்று ஒருத்தி இருப்பதையே ஸ்பானர் சொல்லவில்லை. நாற்காலி விஷயம் நோக்கத்தையும் தங்கையையும் விட்டால் வேறு யாருக்குத் தெரியும்? ஒரே ஒருவருக்கு.

ஸ்பானர் மெல்லத் தலையைத் தூக்கினார். துப்பறிவாளர் ஜன்னலைப் பார்த்து நின்றார். காதுமடல் சிவந்திருந்தது.

முதலில் வந்தது ஆத்திரம். என்னை வாழ்நாள் முழுக்க அந்தத் தாழ்ந்த நாற்காலியிலேயே உட்கார வைக்கப் பார்த்தாயா? அதை எழுதாத ஒருவரின் தலையில் கட்டி, போலீஸில் வேறு கொடுக்கப் பார்த்தாயா? அடுத்து வந்ததை ஸ்பானரே எதிர்பார்க்கவில்லை. மூன்று வருஷமாக யாரைப் பார்த்துத் தன் வயிறு எரிந்ததோ, அந்த ஆள் தன்னைப் பார்த்து எரிந்துகொண்டிருந்திருக்கிறார். அந்தச் செய்தி அவருக்கு எங்கேயோ சுகமாக இருந்தது. சுகமாக இருந்ததில் வெட்கமாகவும் இருந்தது.

செயலாளர் எண்களை அழுத்த ஆரம்பித்துவிட்டார். ஸ்பானர் சொல்லியாக வேண்டும். சொன்னால் மாப்பிள்ளையின் போர்டு இன்றோடு இறங்கும். தங்கை அந்த வீட்டில்தான் வாழ வேண்டும்.

"சார், போனை வைங்க" என்றார். "நாலாவதை விட்டுடுங்க. அது நாங்களே எழுதினது."

செயலாளரின் வாய் பிளந்தது. துப்பறிவாளர் சட்டென்று திரும்பினார்.

"பொறிதான். நாலு கடிதாசியை முன்னாடி வெச்சு, 'நாலும் நீதான்'னு மிரட்டினோம். சம்பந்தமே இல்லாதவனா இருந்தா 'ஒண்ணுகூட நான் எழுதலை'ம்பான். பயந்தவனா இருந்தா நாலையும் ஒத்துக்குவான். 'மூணுதான், நாலாவது என்னுது இல்லை'ன்னு யார் அடிச்சுச் சொல்லுவான்? எத்தனை எழுதினோம்னு கணக்குத் தெரிஞ்சவன்தான். இவர் சொன்னாரு. முடிஞ்சுது வழக்கு."

செயலாளர் போனை வைத்துவிட்டு எழுந்து வந்து துப்பறிவாளரின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். "அடேங்கப்பா! என்ன மூளை சார் உங்களுக்கு! எங்க கமிட்டி முழுக்க உட்கார்ந்தாலும் இப்படி ஒரு யோசனை வராது!"

ஸ்பானர் போய்ப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். எல்லாம் வழக்கம்போலத்தான் நடக்கிறது.

துப்பறிவாளர் கைகளை விடுவித்துக்கொண்டார். "இந்த யோசனை என்னுது இல்லை" என்றார். "முழுக்க மச்சானோடது. எனக்கு இது தோணவே இல்லை."

செயலாளர் ஸ்பானரைத் திரும்பிப் பார்த்தார். முதல் முறையாகச் சிரிக்காமல் பார்த்தார். பிறகு தன் நாற்காலியையே நகர்த்தி, "நீங்க ஏன் சார் அங்க உட்கார்ந்திருக்கீங்க?" என்றார்.

மூன்று பேரையும் வரவழைத்து நோக்கம் மன்னிப்புக் கேட்டார். ரொட்டிக்கடைக்காரர் தோளைத் தட்டினார். நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். டீச்சரம்மா மன்னிக்கவில்லை. மாடிப்படி அதிரத் திட்டினார். திட்டி முடித்துவிட்டு ஆடும் மேஜை முன் உட்கார்ந்து, "புதுசா எழுதுய்யா. இந்தத் தடவை மஞ்சள்னு போடு, நான் பார்த்துக்கிட்டே இருப்பேன்" என்றார்.

வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. துப்பறிவாளர் வேகமாக நடந்தார். ஒரு பூட்டுக்கடை வாசலில் ஸ்பானர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நில்லுங்க மாப்ளே. உள்ள உங்களைக் காப்பாத்தினது என் தங்கச்சிக்காக. இப்ப நமக்குள்ள பேசணும். என் கடனை நிறுத்தினது போகட்டும். அந்த ஆளை போலீஸ்ல கொடுக்க எப்படி மனசு வந்துச்சு?"

துப்பறிவாளர் தொங்கிக்கொண்டிருந்த பூட்டுகளைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அவர்தான்னு எனக்கு நிச்சயமா தெரியும். நிரூபிக்க ஒண்ணு வேணும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். உட்கார்ந்து எழுத ஆரம்பிச்சப்புறம் அவரைப் பத்தி நினைப்பே இல்லை. உங்களைப் பத்தித்தான் எழுதிட்டே போனேன். நிறுத்த முடியலை." ஒரு பூட்டைத் தள்ளிவிட்டார். "மண்டையை உடைச்சு நான் கண்டுபிடிப்பேன். வழக்கு கொடுத்தவங்க போகும்போது, 'அந்த ஜோக் அடிக்கிறவரை ரொம்ப விசாரிச்சதா சொல்லுங்க'ன்னு சொல்லிட்டுப் போவாங்க. என் பொண்டாட்டியே உங்களாலதான் வழக்கு நடக்குதுங்கிறா. எப்படி இருக்கும் மச்சான்?"

துப்பறிவாளர் பூட்டுகளை விட்டுவிட்டு ஸ்பானர் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு என் மேல ஒரு நாள்கூடப் பொறாமை வந்ததில்லையா?"

ஜோக் ஒன்று நாக்கின் நுனி வரை வந்தது. ஸ்பானர் அதை விழுங்கினார்.

"தினமும்" என்றார்.

கடைக்காரர் எட்டிப் பார்த்து, "பூட்டு வேணுமா?" என்றார். "வாய்க்குப் போடுற மாதிரி இருக்கா?" என்று ஸ்பானர் கேட்க, துப்பறிவாளர் சிரித்துவிட்டார். மூன்று வருஷத்தில் மாப்பிள்ளை அவருடைய ஜோக்குக்குச் சிரித்தது அதுவே முதல் தடவை.

"வீட்டுல நானே சொல்லிடறேன்" என்றார் துப்பறிவாளர். "நீங்க சொல்ல வேணாம்."

"நான் சொல்லப் போறதில்லை. ஆனா அந்த மனுவைத் திரும்ப வாங்கப் போறதுமில்லை."

துப்பறிவாளர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மறுபடி சங்கத்துக்குப் போய், மனுவைக் கேட்டு வாங்கி, காலியாக இருந்த முதல் ஜாமீன் இடத்தில் கையெழுத்துப் போட்டார். அடுத்த இடத்தில் ரொட்டிக்கடைக்காரர் போட்டார். ஸ்பானர் அங்கேயே நோக்கத்தின் உறுப்பினர் படிவத்தை எடுத்துத் தன் பெயரை எழுதினார். "இன்னொரு கையெழுத்தை நீங்களே வாயைத் திறந்து கேட்டு வாங்கணும்" என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்தார்.

படியிறங்கும்போது துப்பறிவாளர் சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டார். "ஆபீஸ் எங்க பார்க்கப் போறீங்க?"

"நம்ம தெருவுலதான்."

"நம்ம தெருவுலயா?"

"உங்களுக்கு நேர் எதிர்ல ஒரு இடம் காலியா இருக்கு. வாடகை கம்மி. உங்களைத் தேடி வர்றவங்க, நீங்க இல்லைன்னா அப்படியே இந்தப் பக்கம் வரலாம்."

துப்பறிவாளரின் முகம் இறுகியது. மூக்கு விடைத்தது. "நான் எங்கேயும் போக மாட்டேன்" என்றார் வெடுக்கென்று.

அந்த எரிச்சலைக் கண்ணாரப் பார்த்தபிறகுதான் ஸ்பானருக்கு மனசு ஒருவழியாக நிம்மதியானது. மாப்பிள்ளையின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, வாடகையைப் பேசி முடிக்க நடந்தார்.